பத்தால் வகுக்கவும்

மஞ்சக்குப்பம், கடலூர்
12 ஜூலை 2006

பெண்ணாடத்துக் கரும்புக் காட்டின் ஏக வாரிசும், என் அக்காள் தில்லையம்மாளின் ஒரே புத்திரனும், அண்ணாமலை நகரை ஆளப் புறப்பட்டவனுமாகிய மாப்பிள்ளை ஸ்ரீதருக்கு, பத்திரப் பதிவு ஆபீஸ் எதிர்ப் பந்தலில் முப்பது வருஷமாகச் சிம்மாசனம் போட்டிருக்கும் பத்திர எழுத்தர், உன் தாய்மாமன் சபாபதி, முழு சுயநினைவோடு எழுதிக்கொடுக்கும் சுகப் பத்திரம் என்னவென்றால்:

நானும் அத்தையும் சுகம். ஸ்ரீமதி சுகம். டவுனில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரிப்போர்ட் டைப் அடிக்கிறாள் உன் முறைப்பெண். ஊரில் பாதிப் பேருக்குச் சர்க்கரை என்று தினம் வந்து சொல்லி, என் காப்பியில் கை வைக்கிறாள். நீ சுகமா? மெஸ் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா?

உன் கார்டு வந்தது. "இங்க யாரும் என்கிட்ட பேசறதில்லை மாமா" என்று ஒரே வரி. அதைப் படித்து அத்தை அழுதாள். நாலாயிரம் சொம்பு கண்ணீர். கெடிலத்தில் வெள்ளம் வந்துவிட்டது என்று கலெக்டர் ஆபீஸிலிருந்து ஜீப் வந்துவிட்டது.

போன் வாங்கிக்கொள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். போனில் பொய்க்கு அலங்காரம் செய்ய அவகாசம் இல்லை; எனக்குக் கடிதம்தான் சரி. நம் வீட்டுச் சட்டம் உனக்கு மறந்திருக்காது. ஆறு வயசில் உன்னிடம், "மாமா நேத்து முப்பது பாம்பு அடிச்சேன்டா" என்றேன். நீ விரல் விட்டு எண்ணி, "மூணு பாம்பு" என்றாய். மூணேதான்! அன்றைக்கே உன் அம்மாவிடம் சொன்னேன், இந்தப் பயல் என் சொல்லைப் பத்தால் வகுக்கத் தெரிந்தவன், பிழைத்துக்கொள்வான் என்று.

யாரும் பேசாவிட்டால் என் கடிதத்தை உரக்கப் படி. நம் வீட்டில் எந்தக் கடிதத்தை மனசுக்குள் படித்திருக்கிறோம்? நாலு பேர் காதில் விழட்டும்.

இப்படிக்கு, மேற்படி கையெழுத்துக்கு உரிய,
சபாபதி

*

அண்ணாமலை நகர்
27 ஆகஸ்ட் 2006

அன்புள்ள மாமாவுக்கு ஸ்ரீதர் வணக்கம். நான் நல்லா இருக்கேன். நீங்க, அத்தை, ஸ்ரீமதி எல்லாரும் நல்லா இருக்கீங்களா? அத்தை முழங்கால் வலி எப்படி இருக்கு?

பதில் போட லேட்டாயிடுச்சு. வகுப்புல எல்லாம் இங்கிலீஷ். நான் கேள்வி கேட்டா திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாங்க. மெஸ்ஸுல நான் உட்கார்ந்த பெஞ்சுல கடைசி வரைக்கும் நான் மட்டும்தான். யாருக்கும் என் பேர் தெரியாது. "பெண்ணாடம்"னுதான் கூப்பிடுவாங்க.

நீங்க சொன்ன மாதிரி ஒருநாள் லாட்ஜ் வராண்டாவுல உங்க கடிதத்தை உரக்கப் படிச்சேன். கெடிலம் வெள்ளம் வந்ததும் ஒருத்தர் சத்தமாச் சிரிச்சார். ராஜமாணிக்கம்னு பேர். படிச்சு முடிச்சு எட்டு வருஷம் ஆச்சாம், இங்கயேதான் இருக்கார். "யாருடா உன் மாமா? நம்ம ஆளுங்கதானே?"ன்னு கேட்டார். ஆமான்னேன். கீழ வீதியில சைக்கிள் கடைக்கு மேல ஒரு அறை இருக்கு, அங்க கூட்டிட்டுப் போனார். மண்காப்புப் பேரவைன்னு போர்டு. போன வெள்ளிக்கிழமை என் பொறந்த நாள், அது எப்படியோ தெரிஞ்சு நாப்பது பேர் வந்தாங்க மாமா. இதை வகுக்காதீங்க, நெசமாவே நாப்பது பேர். கேக் வெட்டி, கத்தரிப்பூ கலர்ல ஒரு துண்டைத் தோள்ல போட்டு, என் பேரை மூணு தடவை சொன்னாங்க.

அவுங்க உங்க அடுத்த கடிதத்துக்குக் காத்துக்கிட்டு இருக்காங்க.

அன்புடன்,
ஸ்ரீதர்

*

மஞ்சக்குப்பம்
1 செப்டம்பர் 2006

கீழ வீதி மாடி தர்பாரில் வீற்றிருக்கும் சபையோர் அனைவருக்கும், அவர்கள் நடுவே கத்தரிக்காய் நிறத்தில் ஜொலிக்கும் என் மாப்பிள்ளைக்கும், சபாபதியின் சாஷ்டாங்கம். எல்லோரும் சுகந்தானே? இங்கே எல்லோரும் சுகம். அத்தை முழங்கால் மட்டும் தனி ராஜ்ஜியம் கேட்டுப் போராடுகிறது.

எனக்கு நாற்பது ரசிகர்களா! இந்தப் பந்தலில் முப்பது வருஷமாக எழுதுகிறேன். வடக்கே வேலி, தெற்கே வாய்க்கால் என்று எழுதியதை ஒருவனாவது சிரித்துக்கொண்டே வாங்கிப் போயிருக்கிறானா? முத்திரைத்தாள் விற்கும் சுப்பராயலுவிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். பொறாமையில் ஐந்நூறு முத்திரைத்தாளை நாக்காலேயே நனைத்துவிட்டான்.

இதோ சபையோருக்காக: நேற்று முகூர்த்த நாள். ஒரு சென்ட் மனைக்கு அண்ணன் தம்பி இருவர், பின்னால் நூற்றுப் பத்து வக்கீல்கள். ரிஜிஸ்தரார் நாற்காலிக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டார். நான்தான் மையைத் தெளித்து அமைதி ஏற்படுத்தினேன்.

மாப்பிள்ளை, உனக்கு மட்டும் ஒன்று. துண்டு நன்றாக இருக்கட்டும். வேர்த்தால் முகம் துடைக்கத்தான் துண்டு. அதற்கு மேல் அதற்கு ஒரு வேலையும் கொடுக்காதே.

நாற்பது நெஞ்சங்களின் நாயகன்,
சபாபதி

*

சிதம்பரம்
2 அக்டோபர் 2006

மாமாவுக்கு வணக்கம். நலம். அங்க எல்லாரும் நலமா?

துண்டு பத்தி எழுதினதை அவுங்களுக்குப் படிக்கலை. அந்த இடத்தை மடிச்சு வெச்சுட்டேன். மாமா, அது முகம் துடைக்கிற துண்டு இல்லை.

இப்போ லாட்ஜை விட்டு மாடி அறைக்கே வந்துட்டேன். அம்மாகிட்ட சொல்ல வேண்டாம். சாப்பாடு இங்கயே. அண்ணன் (ராஜமாணிக்கம் அண்ணன்) பேசினா ராத்திரி பகல் தெரியாது. நாம ஏன் பின்னாடி போனோம், யார் நம்மளைத் தள்ளினாங்க, எல்லாம் புள்ளிவிவரத்தோட சொல்வார். வகுப்புல என்னைப் பார்த்து ஏன் சிரிச்சாங்கன்னு இப்போதான் புரியுது.

போன வாரம் டீக்கடையில ஒரு பையன். அவுங்க ஆளு. நம்ம பொண்ணு ஒண்ணுகிட்ட போன்ல பேசறதா தகவல். நம்மாளுங்க பேசப் போனாங்க. நான் ஒண்ணும் பண்ணலை மாமா. அவன் மூக்குக் கண்ணாடியைக் கழட்டி என்கிட்ட கொடுத்தாங்க, உடைஞ்சிடக் கூடாதுன்னு. எல்லாம் முடிஞ்சதும் அவன்கிட்டயே திருப்பிக் கொடுத்துட்டேன். துடைச்சுத்தான் கொடுத்தேன்.

அண்ணன் ஒரு உதவி கேட்டார். உங்க ஆபீஸ்ல வீட்டுக்குத் தெரியாம பதிவாகிற கல்யாணம் உங்களுக்குத் தெரிய வருமில்லையா, அதுல நம்ம பொண்ணுங்க பேர் இருந்தா எழுதி அனுப்பணுமாம். தப்பா எதுவும் இல்லை, பெத்தவங்களுக்குச் சொல்லத்தான்.

ஸ்ரீதர்

*

மஞ்சக்குப்பம்
12 அக்டோபர் 2006

மாப்பிள்ளைக்கு மாமனின் ஆசீர்வாதம். உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே சுகம். ஸ்ரீமதி கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் ட்ரெயினிங் என்று போய் ஒரு மாசம் ஆகிறது. வீடு சத்தமில்லாமல் இருக்கிறது. காப்பியில் சர்க்கரை இருக்கிறது.

கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தாயே, அந்த வரியை மூன்று தடவை படித்தேன். சுப்பராயலுவிடம் காட்டவில்லை. அத்தைக்கும் படிக்கவில்லை. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது என் கண்ணாடியைத் துடைத்துக் கொடுப்பாய்.

போகட்டும். உங்கள் அண்ணனுக்குப் பட்டியல் வேண்டுமாம். பத்திர எழுத்தன் சபாபதி பட்டியல் கொடுக்காமல் இருப்பானா? எழுதிக்கொள். உரக்கப் படி, எல்லோரும் கேட்கட்டும்:

ஒரு ராஜதானியில் ஒரு இளவரசி. நம்ம ஆளுங்க வம்சம். அவள் ஒரு இளவரசனைப் பார்த்தாள். அவுங்க ஆளுங்க வம்சம். அவள் பார்த்த பார்வையில் ஆறாயிரம் தெருவிளக்கு ஒரே சமயத்தில் எரிந்தன. ஒரு புதன்கிழமை முப்பது சாட்சிகள் சூழ, இந்தப் பூமியிலேயே சிறந்த பத்திர எழுத்தன் கையால் கல்யாணப் பத்திரம் எழுதப்பட்டது. அப்புறம் அவர்கள் மேற்கே முந்நூற்று ஐம்பது கிலோமீட்டர் ரதம் ஓட்டிப் போனார்கள். தினம் எண்பதாயிரம் பேர் உட்கார்ந்து சும்மா சாப்பிட்டாலும் சோறு தீராத ஊர் அது. அங்கே அவர்கள் அரண்மனைக்கு இருபது பனைமரம் காவல். எந்த நிறத்துத் துண்டும் அதைத் தாண்டி உள்ளே போக முடியாது. சுபம்.

இதுதான் பட்டியல். முகவரி வேண்டுமென்றால் உங்கள் அண்ணன் குதிரை ஏறித் தேடட்டும்.

கதாசிரியர் திலகம்,
சபாபதி

*

சிதம்பரம்
5 நவம்பர் 2006

அன்புள்ள மாமாவுக்கு, நான் ரொம்ப நல்லா இருக்கேன். நீங்க எல்லாரும் சுகந்தானே? தீபாவளிக்கு வர முடியலை, அம்மா கோவமா இருக்காங்களா?

உங்க இளவரசி கதை பிரமாதம். குதிரை ஏறித் தேடட்டும்னு படிச்சதும் எல்லாரும் அண்ணனைப் பார்த்தாங்க. அவர் சிரிக்கவும்தான் மத்தவங்க சிரிச்சாங்க. அப்புறம் அவர், "அது எந்த ஊருடா? கண்டுபிடிங்க பார்ப்போம்"னார். முந்நூத்தி ஐம்பது கிலோமீட்டர் மேற்கேன்னா கோயம்புத்தூர்னு ஒருத்தன். அன்னதானம்னா பழனின்னு ஒருத்தன். கர்நாடகா வரைக்கும் போயிட்டாங்க. நான் கதவோரம் உட்கார்ந்திருந்தேன். எனக்குச் சிரிப்பு தாங்கலை. "வடலூர்"னேன். "வாசல்ல பனைமரம் ரெண்டுதான் இருக்கும்"னும் சொன்னேன். எப்படிடா எப்படிடான்னு கேட்டாங்க. பத்தால வகுக்கிறதை மட்டும் சொல்லலை. அது நம்ம வீட்டு விஷயம்.

கை தட்டினாங்க மாமா. அண்ணன் எழுந்து வந்து, "இனிமே கதவோரம் உட்காராதே, என் பக்கத்துல உட்காரு"ன்னார். இப்போ அங்கதான் உட்கார்றேன்.

அந்தப் பொண்ணு யாரு? நமக்குத் தெரிஞ்சவங்களா?

ஸ்ரீதர்

*

மஞ்சக்குப்பம்
9 நவம்பர் 2006

மாப்பிள்ளைக்கு, நலம். நலமறிய ஆவல்.

அந்தக் கதையைப் பற்றி. அது முழுக் கற்பனை. அப்படி ஒரு இளவரசி இல்லை, இளவரசன் இல்லை, வடலூரும் இல்லை. நான் கடலில் ஒரு தீவை மனசில் வைத்து எழுதினேன். பத்தால் வகுத்தால் அதில் மிஞ்சுவது பூஜ்யம். இதை உங்கள் அறையில் உரக்கப் படி. தப்பாகக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நீயே உன் வாயால் சொல். கதையை நிஜம் என்று நம்புகிறவன் அண்ணனாக இருக்க லாயக்கில்லை என்றும் சேர்த்துக்கொள்ளலாம். வேண்டாம், அதை விட்டுவிடு.

சொன்னாயா இல்லையா என்று உடனே ஒரு கார்டு போடு. உடனே என்றால் உடனே.

அம்மா கோபமாக இல்லை. பயமாக இருக்கிறாள். பெண்ணாடத்தில் கரும்பு வெட்டு ஆரம்பம். வந்து ரெண்டு நாள் கூட நில்.

மாமா

*

சிதம்பரம் தபால் ஆபீஸ்
20 டிசம்பர் 2006

மாமாவுக்கு, நலம். அங்க எல்லாரும் நலமா?

கார்டு போடலை, மன்னிக்கணும். இதை இங்க நின்னுக்கிட்டே எழுதறேன்.

அண்ணன் என்னைப் பேரவைச் செயலாளர் ஆக்கிட்டார். நோட்டீஸ்ல பேர் போட்டிருக்கு. எங்க போனாலும் பைக்ல நடுவுல என்னைத்தான் உட்கார வெக்கிறாங்க. போன வாரம் அண்ணன் தனியாக் கூப்பிட்டு, "உனக்கு முறைப்பொண்ணு இருக்காடா?"ன்னு கேட்டார். இருக்குன்னேன். "பேரு?"ன்னார். சொன்னேன். அந்தப் பேரைத் தானும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். அப்புறம் டீ வாங்கிக் கொடுத்தார்.

மாமா, ஸ்ரீமதிக்குச் சின்ன வயசுலேருந்தே ஈரம் ஒத்துக்காது. ரெண்டு பனைமரத்துக்குப் பின்னாடி இருக்கிற வீடு மார்கழியில ஈரமாத்தான் இருக்கும். வேற வீடு மாத்தினா நல்லது.

வேற விசேஷம் இல்லை. அத்தைக்கு வணக்கம்.

ஸ்ரீதர்

*

மஞ்சக்குப்பம்
25 டிசம்பர் 2006

என் கண்ணான மாப்பிள்ளைக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அத்தை சாமிக்கு விளக்கேற்றினாள். நான் பந்தலுக்குப் போகாமல் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

கண்டுபிடித்துவிட்டாய். நீ கண்டுபிடிக்காமல் யார் கண்டுபிடிப்பது! ஆமாம், இளவரசி நம் ஸ்ரீமதிதான். பையன் பெயர் செம்பியன். அதே பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியனாக இருந்தவன், இப்போது வடலூரில் ஒரு லேபில் இருக்கிறான். என் ரத்தத்தை ஒரு தடவை எடுத்தான், வலிக்கவே இல்லை. அப்போதே அத்தையிடம் சொன்னேன், இவன் கை நல்ல கை என்று. கல்யாணப் பதிவை நானே என் கையால் எழுதினேன். 'எழுதியவர்' என்ற இடத்தில் என் பெயரையே தப்பாக எழுதி, அடித்துத் திருத்தினேன். முப்பது வருஷத்தில் முதல் தடவை.

உன்னிடம் ஏன் மறைத்தேன்? முறைப்பெண் என்று உனக்கு மனசில் ஏதாவது இருந்துவிடுமோ என்று. அப்புறம் அந்தத் துண்டு. உன்னை நேராகக் கேட்கத் துணிச்சல் இல்லாமல் கதையாக எழுதி, நீ எப்படி எடுத்துக்கொள்கிறாய் என்று பார்த்தேன். நீ அவளுக்கு ஈரம் ஒத்துக்காதே என்று எழுதுகிறாய்! உன்னைச் சந்தேகப்பட்ட என் வாயில் நாற்பது படி உப்பைப் போட்டுக் கழுவ வேண்டும்.

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வீடு சொல்லியிருக்கிறேன், தை பிறந்ததும் காலியாகும். பொங்கல் முடிந்த மறுநாள் மாற்றிவிடலாம். அதுவரை உன் வாயிலிருந்து ஒரு சொல் போகக் கூடாது. போகாது என்று தெரியும். வடலூர் என்று நீ விளையாட்டாகச் சொன்னதை அவர்கள் இந்நேரம் மறந்திருப்பார்கள் இல்லையா? ஆமாம் என்று ஒரு வரி எழுது.

உன்,
மாமா

*

சிதம்பரம்
4 ஜனவரி 2007

நாடு போற்றும் நாவலர், பத்திரப் பேரரசர், என் மாமா சபாபதி அவர்களுக்கு, பேரவைச் செயலாளர் ஸ்ரீதர் எட்டுத் திசையும் அதிர எழுதிக்கொள்வது. நலம், நலமறிய அவா.

எங்க எல்லாருக்கும் ஒரு ஆசை மாமா. இன்னிலேருந்து சரியா நாப்பது நாள்ல, எண்பது பேர், ஸ்ரீமதி கையால விருந்து சாப்பிட வர்றோம். முப்பது மோட்டார் சைக்கிள் கிளம்பினா பத்து ஊருக்குப் புழுதி எழும்பும். உச்சி வெயில் நேரத்துக்கு வந்துடுவோம், அப்போதான் மாப்பிள்ளை வேலையிலேருந்து சாப்பிட வந்திருப்பார். எண்ணூறு இலை போட்டு வெக்கணும். எண்பது பேரோட பசிக்குப் பயந்து விருந்துக்காரங்க வீட்டைப் பூட்டிக்கிட்டு வேற ஊருக்கே ஓடிப் போனாலும் நான் தப்பா நினைக்க மாட்டேன்.

நாப்பது நாள், எண்பது பேர். மறந்துடாதீங்க மாமா.

உங்ககிட்ட கணக்குப் படிச்ச,
ஸ்ரீதர்

*

மஞ்சக்குப்பம், பந்தல்
8 ஜனவரி 2007, காலை 11 மணி

ஆகா! ஆகா! ஆகா!

மாப்பிள்ளை, எழுத வந்துவிட்டதடா உனக்கு! இந்தக் கடிதம் நாலு நாள் ஊர்ந்து இப்போதுதான் வந்து சேர்ந்தது. தபால்காரர் நகரவில்லை, நின்றபடியே படித்துக் காட்டினேன். சுப்பராயலு வயிற்றைப் பிடித்துக்கொண்டான். பத்திரம் எழுத வந்த ஒரு கிழவர் தன் வில்லங்கத்தையே மறந்து சிரித்தார். "பத்து ஊருக்குப் புழுதி!" இதை நான் எழுதியிருக்க வேண்டும். எண்ணூறு இலையாம்! உன் உடம்பில் என் ரத்தம் ஓடுகிறது என்பதற்கு எந்த லேபிலும் பரிசோதனை வேண்டாம்.

இத்தனை நாள் தந்திபோல அலங்காரமே இல்லாமல் எழுதினவன், இன்றைக்கு என்னை மிஞ்சிவிட்டாய். அதைவிடப் பெரிசு, "மாப்பிள்ளை வேலையிலேருந்து சாப்பிட வந்திருப்பார்" என்று நீ எழுதியது. செம்பியனை மாப்பிள்ளை என்றுவிட்டாய். அந்த ஒரு சொல்லுக்காக நான் சிதம்பரம் வரை உருண்டே வருவேன். உன் துண்டைப் பற்றிச் சொன்னதையெல்லாம் வாபஸ் வாங்குகிறேன்.

உடனே பூத்துக்கு ஓடி வடலூர் லேபுக்குப் போன் போட்டேன். போனை வெறுக்கிற நான்! செம்பியனிடம் சொல்லிவிட்டேன்: "உன் மச்சானுக்குக் கோபம் ஒன்றும் இல்லையாம், விருந்துக்கே வர்றானாம், வந்தா கதவைத் திறந்து வை." அவன் குடியிருக்கும் வீட்டுச் சொந்தக்காரரின் போனில் கூப்பிட்டு ஸ்ரீமதிக்கும் சொல்லிவிட்டான். அவள் சந்தோஷத்தில் அழுதாளாம்.

வீட்டுக்குப் போய் அத்தைக்கும் உரக்கப் படிக்கப் போகிறேன். உன் உடம்பைப் பார்த்துக்கொள். அம்மாவுக்கு நானே எழுதுகிறேன்.

உன்னால் தோற்கடிக்கப்பட்ட,
சபாபதி

*

மஞ்சக்குப்பம்
19 மார்ச் 2007

விசாரணைக் கைதி ஸ்ரீதர், மத்திய சிறை, கடலூர்.

ஸ்ரீதர்,

இந்தக் கடிதத்தில் எதையும் வகுக்க வேண்டாம்.

ஜனவரி 8ஆம் தேதி எழுதிய கடிதத்தை நான் தபாலில் போடவில்லை. சட்டைப் பையில் இருந்தது. போலீஸ் உன் கடிதத்தோடு அதையும் எடுத்துக்கொண்டு போனார்கள். அதில் இருந்ததை வக்கீல் உனக்குச் சொல்லியிருப்பார்.

அன்றைக்குப் பன்னிரண்டரை மணிக்கு வீட்டுக்குப் போனேன். அத்தை சாதம் வடித்துக்கொண்டிருந்தாள். உன் கடிதத்தை உரக்கப் படித்தேன். அவள் கேட்டுவிட்டு, "எண்பதுன்னா எட்டுப் பேருதானே? எட்டுப் பேருக்கு எவ்ளோ அரிசி போடறது?" என்றாள். நான் சிரித்தேன். அப்புறம் காலண்டரைப் பார்த்தேன்.

பூத்துக்கு ஓடினேன். சாப்பிடப் போய்விட்டார் என்று லேபில் சொன்னார்கள். வீட்டுச் சொந்தக்காரர் போன் அடித்துக்கொண்டே இருந்தது.

செம்பியன் வாசலிலேயே போய்விட்டான். அவனுக்கு இருபத்தாறு வயசு. ஸ்ரீமதிக்கு இடது கையில் மூன்று விரல் இல்லை. அவள் குறுக்கே கை வைத்தாள். என்றைக்கு என்று நான் சொல்லவில்லை; அன்றைக்கே வருவாய் என்று உனக்கு இலை போட்டு வைத்திருந்தாள்.

நீ "ஸ்ரீமதி, நான்தான், கதவைத் திற" என்று கூப்பிட்டாயாம். உன் குரல் என்பதால் திறந்தாளாம். நீ வருவாய் என்று காலையில்தான் நான் சொல்லியிருந்தேன். இந்த இரண்டையும் அவள் ஒரே மாதிரி, ஒரே குரலில் சொன்னாள்.

செம்பியனின் அம்மா ஆஸ்பத்திரி வாசலில் என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றேன். "நீங்கதானே எழுதிக்கொடுத்தீங்க?" என்று மட்டும் கேட்டாள். கல்யாணப் பத்திரத்தைச் சொல்கிறாளா, கடிதத்தைச் சொல்கிறாளா என்று நான் கேட்கவில்லை. இரண்டுக்கும் ஆமாம்தான்.

உன் அம்மா உன்னைப் பார்க்க வருகிறேன் என்கிறாள். நான் தடுக்கவில்லை. நான் வர மாட்டேன். இந்தப் பந்தலிலிருந்து நடந்து வரும் தூரம்தான், ஆனாலும் வர மாட்டேன்.

நாற்பதை நான் வகுக்கவில்லை. என் மாப்பிள்ளைக்கு என்னைப்போல எழுத வந்துவிட்டது என்று குதித்துக்கொண்டிருந்தேன். அது என் பாவம், என்னோடு இருக்கட்டும். கீழ வீதி முனையில் ஒரு பூத் இருக்கிறதே, ஏன் போன் போடவில்லை என்று கேட்டால் என்ன பதில் சொல்வாய் என்று தெரியவில்லை.

அதைவிட ஒன்று கேட்க வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன். நீ எண்பது என்று எழுதினாய், எட்டு. போலீஸ் பிடித்ததும் எட்டு. நீ எங்களைக் காப்பாற்ற எழுதினாய் என்றுதான் அத்தை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எட்டு என்று எண்ணினாயே, அப்போது உன்னைச் சேர்த்து எண்ணினாயா, சேர்க்காமல் எண்ணினாயா?

சாப்பிடுகிறாயா?

சபாபதி

*

கடலூர்
2 ஏப்ரல் 2007

மாமாவுக்கு,

சாப்பிடறேன். உங்க யாரையும் சுகமான்னு கேட்க எனக்கு வாய் வரலை.

பூத் இருந்தது. நாலு நாளும் அதைத் தாண்டித்தான் டீ குடிக்கப் போனேன். ஒருநாள் உள்ளே போய் நின்னேன். செம்பியன் லேப் நம்பர் தெரியாதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு வெளிய வந்துட்டேன். உங்க பந்தல் பக்கத்து பூத் நம்பர் எனக்கு மனப்பாடம்.

கடிதத்தை அண்ணன் வாங்கிப் படிச்சுட்டுத்தான் ஒட்டினார். நாப்பது நாள்னு போட்டா நீங்க கவலையில்லாம இருப்பீங்கன்னு சொன்னேன். சிரிச்சு, தோள்ல தட்டினார். நான் ஏமாத்தினது அவரைன்னு நினைச்சேன்.

நான் வரலைன்னு அவர்கிட்ட ஒரு தடவை சொன்னேன். அவர் கோவப்படலை. "வேற யார் கூப்பிட்டாலும் அந்தக் கதவு திறக்காதுடா. நீ இல்லாம இது ஆகாது"ன்னார். நான் இல்லாம ஒரு காரியம் ஆகாதுன்னு அதுவரைக்கும் என்கிட்ட யாரும் சொன்னதில்லை.

நீங்க கேட்டதுக்குப் பதில். இதை அத்தைக்குப் படிக்காதீங்க.

கடிதம் எழுதின அன்னிக்கு அந்த அறையில என்னைத் தவிர ஏழு பேர்தான் இருந்தாங்க, மாமா.

ஸ்ரீதர்